ஹூடையும் கணக்கில் எடுங்கள்

வீட்டுக்குள் விறகு எரிக்கும் கணப்பு அடுப்புக்கு வெளியிலிருந்து தனிக் காற்றுக் குழாய் கொடுத்தால் போதும், வென்டிலேஷன் மெஷினைப் (வீட்டுக் காற்றை வெளியேற்றிப் புதுக் காற்றை உள்ளே விடும் கருவி) பற்றிக் கவலை வேண்டாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஜெர்மனியில் அதோடு விடமாட்டார்கள். குழாய் இருந்தாலும் அடுப்புக் கதவின் இடுக்கு வழியே புகை அறைக்குள் வரலாம். அறைக்காற்றைச் சாராதது என்று சான்று பெற்ற அடுப்பு வேறு ரகம். சாதாரண அடுப்பு எரியும்போது அறையின் அழுத்தம் வெளியைவிட 4 பாஸ்கலுக்கு மேல் குறையக் கூடாது என்பது இங்குள்ள கணக்கு. அது அரை மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம்கூட இல்லை! தாண்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வீட்டுக்குள் திரும்பலாம், அதற்கு வாசனையே இருக்காது.

எனக்குப் பெரிய பயம் சமையலறை ஹூட்தான், அதாவது சமையல் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேன். வென்டிலேஷன் மெஷின் காற்றை உள்ளே விடுவதும் வெளியே தள்ளுவதும் ஏறக்குறைய சமம் (ஃபில்டர் அடைக்காத வரை, உறைபனிக் குளிரில் சில மாடல்கள் உள்வரும் ஃபேனை மட்டும் நிறுத்திவிடும், அப்போது கதை வேறு). ஹூடோ மணிக்குப் பல நூறு கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும். அதனால்தான் ஜன்னலைத் திறந்தால் மட்டும் ஹூட் ஓடும்படி ஸ்விட்ச் மாட்டுகிறார்கள், இல்லையென்றால் அழுத்த வித்தியாசத்தை அளந்து ஃபேனை நிறுத்தும் கருவி.

அப்புறம், இங்கே புகைபோக்கி ஆய்வாளர் சரி என்று சொல்லாமல் புது அடுப்பைப் பற்றவைக்க முடியாது. வாங்கும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.