வசூலிக்க வசூலிக்க ஏறிய கடன்

டில்லியிலிருந்து யமுனையைத் தாண்டி நொய்டாவுக்குப் போகும் டிஎன்டி சாலையில் பல ஆண்டுகள் வேலைக்குப் போய் வந்தவன் நான். அது வருவதற்கு முன் நிஜாமுதீன் பாலத்திலோ காளிந்தி குஞ்ச் வழியாகவோ ஊர்ந்து போவோம். 2001 பிப்ரவரியில் எட்டுத் தடங்களோடு 9.2 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தச் சாலை திறந்தபோது எங்கள் காலைப்பொழுதே மாறிவிட்டது. ஜனவரி மூடுபனியில் சுங்கச்சாவடிக் கூண்டுக்குள் ஒருவர், விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு சில்லறை எண்ணித் தருவார். காசு பனிக்கட்டியாகச் சில்லிடும். கடைசியாகக் காருக்கு ஒருமுறை போக 28 ரூபாய். மனமொப்பித்தான் கொடுத்தேன். சாலை போட்டவனுக்குப் போட்ட பணமும் நியாயமான லாபமும் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

என் கோபமெல்லாம் இந்தச் சாலைக்காகப் போட்ட ஒப்பந்தத்தில் இருந்த ஒரு கணக்கின் மேல்தான்.

ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் 1996இல் இதற்காகவே நொய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனியைத் தொடங்கியது. 1997 நவம்பரில் அரசு அமைப்பான நொய்டா ஆணையத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. போட்டி டெண்டர் எதுவும் விடப்படவில்லை. ஜப்பானின் மிட்சுயி-மருபெனி கட்டிக் கொடுத்தது. செலவு சுமார் 408 கோடி ரூபாய். வசூல் உரிமை 30 ஆண்டுகள்.

இதுவரை சரி. ஆனால் மொத்தச் செலவின் மீது ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் கம்பெனிக்குக் கிடைத்தாக வேண்டும் என்று எழுதினார்கள். அவ்வளவு கிடைக்காத ஆண்டில், பற்றாக்குறைத் தொகை அசலோடு சேரும். அடுத்த ஆண்டு அதற்கும் 20 சதவீதம். 30 ஆண்டில் கணக்குத் தீரவில்லையென்றால் வசூல் உரிமையை இரண்டிரண்டு ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம்.

ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 408 கோடிக்கு 20 சதவீதம் என்றால் முதல் ஆண்டிலேயே 81 கோடிக்கு மேல் வேண்டும். ஆரம்பத்தில் எதிர்பார்த்த அளவு வண்டிகள் வரவில்லை, பற்றாக்குறை அசலில் ஏறியது. இப்படி வட்டிக்கு வட்டி போட்டால், அடைபடாமல் நிற்கும் ஒரு ரூபாய் நான்கு ஆண்டுக்குள் இரண்டு ரூபாயாகும், 30 ஆண்டில் 237 ரூபாயாகும்! எங்கள் ஊரில் மீட்டர் வட்டிக்காரனைத் திட்டுகிறோமே, அவனுடைய நோட்டுப் புத்தகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவனிடம் கடன் வாங்குகிறவனுக்காவது தான் கடன்காரன் என்பது தெரியும். தினமும் சாவடியில் நின்ற எங்களுக்கு, நாங்கள் கட்டக் கட்ட நிலுவை வளர்கிறது என்பது தெரியாது.

இதைக் கேள்வி கேட்டவர்கள் நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பினர். டில்லி உயர் நீதிமன்றம் ஆற்றுக்கு அக்கரையிலேயே இருக்கிறது. ஆனால் நொய்டா உத்தரப் பிரதேசத்தில் இருப்பதால், 600 கிலோமீட்டருக்கு அப்பால் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் 2012இல் வழக்குப் போட்டார்கள். நான்கு ஆண்டுகள் விடாமல் நடத்தினார்கள். 2016 அக்டோபர் 26 அன்று, தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது, இனிக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. மறுநாள் காலை பழக்கத்தில் பணத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினேன். கூண்டுகளில் கேட்பாரில்லை. அந்தக் கையுறைக்காரருக்கு அடுத்த மாதச் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்குகளை ஆராய்ந்தார். 2024 டிசம்பர் 20 அன்று மேல்முறையீடு தள்ளுபடியானது. கம்பெனி போட்ட முதலையும் போதுமான லாபத்தையும் எடுத்துவிட்டது என்றும், கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்ததில் நொய்டா ஆணையம் வரம்பு மீறியது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ஆணையத்தைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். கம்பெனி லாபம் பார்க்கத்தான் வரும். மக்கள் பக்கம் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியவர்கள் அந்த 20 சதவீதத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்?

கட்டிய செலவு எவ்வளவு, இதுவரை வசூல் எவ்வளவு, இன்னும் நிலுவை எவ்வளவு? நாட்டில் உள்ள எல்லாச் சுங்கச்சாவடிகளிலும் கட்டணப் பலகைக்குப் பக்கத்திலேயே இந்த மூன்று எண்களையும் ஆண்டுதோறும் எழுதி வைக்கட்டும். அடுத்த முறை 28 ரூபாய் கேட்டால் அதைப் படித்துவிட்டுக் கொடுக்கிறேன்.