இந்து என்று புள்ளடி போட்டது நான்தான்

லண்டன் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர் முடிந்ததும் வழமைபோல முகநூல் முழுக்கப் படங்கள். கூடவே ஒரு வசனமும் சுற்றுகிறது: "மதம் அழியுது எண்டு சொல்லுறவை வந்து இதைப் பாருங்கோ." நானும் அந்தக் கூட்டத்துக்குள்தான் நின்றேன். வடம் பிடித்த கை இன்னும் நோகிறது. ஆனாலும் அந்த வசனத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

கோயில் இருக்கிற தெருவின் பெயர் சேப்பல் ரோடு. அம்மன் குடியிருக்கும் கட்டடமே ஒரு காலத்தில் கிறிஸ்தவர்கள் தொழுத சேப்பல்தான். அங்கே ஞாயிறு தவறாமல் பாட்டுப் பாடியவர்களும் இது எங்கே அழியப்போகுது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இந்த விவாதத்தில் நம் ஆட்கள் உடனே இழுப்பது சமூகவியலாளர் பீட்டர் பெர்கரை. 21ஆம் நூற்றாண்டில் விசுவாசிகள் சின்னச் சின்னக் குழுக்களாக ஒடுங்கிவிடுவார்கள் என்று 1968இல் சொன்னவர். 1999இல் அதே மனுசன் தான் நினைத்தது பிழை, உலகம் முன்னைப்போலவே மதப்பற்றோடுதான் இருக்கிறது என்று எழுதினார். சொன்னதைத் திருப்பி வாங்கிய அறிஞர்கள் எத்தனை பேர்? மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அப்போதும் மேற்கு ஐரோப்பாவை அவர் விதிவிலக்காகத்தான் வைத்தார். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நாங்கள் பிள்ளை வளர்ப்பது அந்த விதிவிலக்குக்குள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 குடிசன மதிப்பில் 71.7 வீதம் பேர் கிறிஸ்தவர்கள். 2021இல் 46.2. மதம் இல்லை என்றவர்கள் 14.8இலிருந்து 37.2 ஆனார்கள். இத்தனை பேரும் இருந்து யோசித்துக் கடவுளைக் கைவிட்டார்களா? அப்படியில்லை என்கிறார் மதத்தை ஆராயும் சமூகவியலாளர் டேவிட் வோஸ். வளர்ந்தவர்கள் அதிகம் மாறுவதில்லை. பிள்ளைக்குப் போய்ச் சேருவதில்தான் சேதாரம். அலஸ்டர் குரொக்கெட்டோடு 2005இல் எழுதிய ஆய்வில் அவர் காட்டிய கணக்கு இது: தாய் தகப்பன் இருவருக்கும் மதம் இருந்தால் பிள்ளைக்கு அது போய்ச் சேரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதி. ஒருவருக்கு மட்டும் என்றால் அதிலும் பாதி. இருவருக்கும் இல்லையென்றால் அந்த இல்லாமை மட்டும் குறையாமல் அப்படியே போய்ச் சேருகிறது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி ஒருநாள் வேலிக்கு மேலால் கதைத்தபோது சொன்னா, பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லையாம். சண்டையா என்று கேட்டேன். சண்டை ஒன்றுமில்லை, வளர்ந்தபிறகு அவளே முடிவெடுக்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டாளாம். சொல்லிவிட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டா.

எங்கள் வீட்டிலும் சத்தமில்லாமல்தான் நடந்தது. 2021 மார்ச், குசினி மேசையில் லப்டொப்பை வைத்து நாலு பேருக்குமான குடிசன மதிப்புப் படிவத்தை நானே நிரப்பிக்கொண்டிருந்தேன். "உங்கள் மதம் என்ன?" முதல் பெட்டியே "மதம் இல்லை." தாண்டிப் போய் நாலு பேருக்கும் இந்து என்று புள்ளடி போட்டேன். தேத்தண்ணி ஊற்ற வந்த மகன் எட்டிப் பார்த்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது.

"எனக்கும் இந்து எண்டோ போட்டனீங்கள்?"

"பின்னை?"

"ஓகே அப்பா."

அவ்வளவுதான். கோப்பையோடு மேலே போய்விட்டான். "நான் இல்லை" என்று அவன் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். சண்டை பிடிக்கிறவனுக்கு அது ஒரு பொருட்டு. இவனுக்கு அது வீட்டு விலாசம் மாதிரி. அப்பா சரியாக எழுதியிருப்பார்.

அரசாங்கக் கணக்கில் அவனும் ஒரு இந்து. எத்தனை வீட்டில் எத்தனை அப்பாக்கள் இப்படிப் போட்டார்களோ!

"சோதனைக்குப் போகேக்க திருநீறு பூச விடுறான்தானே" என்பாள் மனைவி. வோஸ் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார், தெளிவில்லாத பற்று என்று சொல்லலாம். பிடித்தவரும் இல்லை, விட்டவரும் இல்லை. ஒரு தலைமுறை அந்தப் படியில் நிற்கும், அடுத்தது இறங்கிப் போய்விடும் என்கிறார். இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

தேரன்று மகனும் வந்தான், உண்மைதான். தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் வார்த்தான். அம்மன் அவனைத் தாண்டும்போது கை கூப்புகிறானா என்று பார்க்க எட்டினேன். முன்னால் நின்றவர் போனைத் தூக்கிப் பிடித்து மறைத்துவிட்டார்.