கைகளையும் கேட்பார்கள், இப்போதே பேசி வையுங்கள்

உறுப்பு தானத்தில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது. 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இங்கே இந்தப் பேச்சின் போக்கே மாறிப்போனது. 2023 செப்டம்பரில், உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் அறிவித்தார். இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்று கேட்டால் அழுகையின் நடுவிலும் தலையசைக்கிற குடும்பங்கள் நம்மிடம் நிறைய. ஆனால் கை இழந்த ஒருவருக்குப் பொருத்த "கைகளையும் தருவீர்களா?" என்று கேட்டால் பலருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. முகம் என்றால் கேட்கிறவருக்கே வாய் வராது.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இதயத்தையோ ஈரலையோ நாம் கண்ணால் பார்த்ததில்லை. கை அப்படியா? நமக்குச் சோறு ஊட்டியது, தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டது, கோபத்தில் முதுகில் ஒன்று வைத்தது எல்லாம் அதுதானே. செத்த பிறகும் உறவுகள் தொட்டு அழுவது அந்தக் கையைத்தான். "முழுசா அனுப்பி வைக்கணும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாசமும் இருக்கிறது, அடுத்த பிறவியில் ஊனமாகப் பிறந்துவிடுவானோ என்ற பயமும் இருக்கிறது. கண்தானம் பற்றிப் பேச ஆரம்பித்த காலத்திலும் இதே பயத்தைத்தான் சொன்னார்கள். இன்று துக்க வீட்டில் யாராவது ஒருவர் தானாகவே கண் வங்கிக்குப் போன் போடுகிறார்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கைகளை எடுத்த பிறகு உடலை அப்படியே வெறுமையாக ஒப்படைப்பதில்லை. அளவு பார்த்துச் செயற்கைக் கைகளைப் பொருத்திக் கொடுப்பதுதான் வழக்கம். மேலும், மூளைச்சாவு அடைபவர்களில் பெரும்பாலோர் சாலை விபத்தில் சிக்கியவர்கள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து வெள்ளைத்துணி சுற்றி வரும் உடலில் நாம் பார்ப்பது பெரும்பாலும் முகத்தை மட்டும்தான். ஊரார் பார்த்து என்ன சொல்வார்களோ என்ற கவலைக்கு, கைகளைப் பொறுத்தவரை, அவ்வளவு இடமில்லை.

சரி, வாங்குகிறவர் பக்கம் வருவோம். இந்தியாவில் முதல் முறையாக இரண்டு கைகளையும் பொருத்தியது கொச்சி அமிர்தா மருத்துவமனையில், 2015 ஜனவரியில். 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே அது நடந்தது. பெற்றுக்கொண்டவர் திண்டுக்கல் பக்கத்துக் கட்டடத் தொழிலாளி, வேலையில் மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்தவர். 2020-இல் கொரோனா நடுவே, சென்னையில் இறந்த ஒருவரின் கைகள் விமானத்தில் மும்பைக்குப் போயின. ஆறு வருடத்துக்கு முன் காட்கோபர் ரயில் நிலையத்தில் இரண்டு கைகளையும் பறிகொடுத்த இளம்பெண்ணுக்கு அவை பொருத்தப்பட்டன. இதை நம்மூர்க் குடும்பம் ஒன்று செய்திருக்கிறது என்பதே எத்தனை பேருக்குத் தெரியும்?

"உயிரா போய்விடப்போகிறது, கை இல்லாவிட்டால்?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு கையும் இல்லாதவர் தண்ணீர் குடிக்க, கழுவிக்கொள்ள, மூக்கு அரித்தால் சொறிய, எல்லாவற்றுக்கும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். அதோடு, இது சும்மா கிடைக்கும் வரமும் இல்லை. உடல் அந்தக் கையை ஒதுக்கிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அதனால் நோய்த்தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு வரலாம். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும், விரல் நுனியில் உணர்வு வர மாதக்கணக்கில் ஆகும். 1998-இல் பிரான்சின் லியோன் நகரில் கை பொருத்திக்கொண்டவர், அதை மனதால் ஏற்க முடியாமல் 2001-இல் எடுத்துவிடச் சொன்னார். இவ்வளவும் தெரிந்துதான் ஒருவர் வரிசையில் காத்திருக்கிறார். அவருக்கு அது எவ்வளவு தேவை என்று நான் சந்தேகப்படத் தயாரில்லை.

முகம் இன்னும் கடினம். தெருவில் போகிற யாரோ ஒருவரிடம் நம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிடுவோமோ என்ற பயம். அமெரிக்காவில், 2016-இல் இறந்த கணவரின் முகத்தைக் கொடுக்க ஓர் இளம் மனைவிக்கு இதே தயக்கம் இருந்தது. கடைசியில் கொடுத்தார். மறு வருடம் மேயோ மருத்துவமனையில், அதைப் பெற்றுக்கொண்டவரைச் சந்தித்தபோது அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தார். பெற்றுக்கொண்டவர் அந்தக் கணவரைப் போல இல்லை. தோல் ஒருவருடையது, அடியில் எலும்பில் பெரும்பகுதியும் கண்ணும் இன்னொருவருடையவை, அதனால் இரண்டுமல்லாத புதுச் சாயல்தான் வரும்.

எப்படியிருந்தாலும் கையையும் முகத்தையும் தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 முதல், மறுப்புச் சொல்லாதவர்களின் உறுப்புகளைச் சம்மதம் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சட்டத்திலும் கைக்கும் முகத்துக்கும் குடும்பத்தின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். இது சரி. மறுத்த குடும்பத்தைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று பேசும் உரிமை யாருக்கும் கிடையாது.

நம் நாட்டில் அட்டையில் எழுதி வைத்தாலும் கடைசியில் வீட்டாரிடம்தான் கேட்பார்கள். நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் மூளைச்சாவை உறுதிசெய்வார்கள். ஐசியூ வாசலில், சாப்பிடாமல் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் தாயிடம், அவள் அதுவரை கேள்விப்பட்டே இராத ஒன்றைத் திடீரென்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அவள் பிள்ளை முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நேரத்தில் தானாக முடிவெடுக்கும் பாரம் அவளுக்கு இல்லை.

நான் என் வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா, "கண்ணு, கிட்னி எல்லாம் குடு, கையை மட்டும் விட்டுடு சாமி" என்றார். செயற்கைக் கை பொருத்துவதை விளக்கியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உன் இஷ்டம்தானே, செய்யட்டும்" என்றார். என் தம்பி கைக்குச் சம்மதித்திருக்கிறான், முகத்துக்கு இல்லை. அவனை நான் வற்புறுத்தவில்லை. என் கைகளை எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவன் மறந்துவிடக் கூடாதென்றுதான் இங்கே எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுங்கள்.