வேலைக்குப் போனால் அரசு உதவி கிடையாதா?

"வீட்டில் ஒருவர் சம்பாதித்தாலே உதவி கிடையாது. ஒருமுறை மறுத்துவிட்டால் மறுபடி கேட்கவும் முடியாது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பல திட்டங்களில் வேலை இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியில்லை. குடும்ப வருமானம் எவ்வளவு, அதை நம்பி எத்தனை பேர் என்றும் பார்ப்பார்கள். குறைந்த கூலிக்கு உழைப்பவர்களுக்கென்றே தனித் திட்டங்கள் உள்ள நாடுகளும் உண்டு.

சரி, மறுத்துவிட்டால்? அங்கேதான் பலர் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். ஒரு சான்றிதழ் குறைந்தாலோ, பெயரில் ஓர் எழுத்து மாறினாலோகூட விண்ணப்பம் திரும்பி வரும். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும். முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையே, உதவி மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு என்கிறது.

முடிவு வரும்வரை வயிறு காத்திருக்காது. உணவு வங்கிகள், வழிபாட்டு இடங்கள், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள். இவற்றில் பல இடங்களில் வருமானச் சான்று கேட்பதில்லை.

அப்புறம், "பணம் கட்டினால் உதவி நிச்சயம்" என்று யாராவது இணைப்பு அனுப்பினால் தொடாதீர்கள். அது மோசடி.