பூச்சிப் படத்துக்கு மேளம்

(தேவிபட்டினம். தவில்காரர் முத்தையா, விரலில் மாட்டி அடிக்கும் பசை விரல்கூடுகளைத் திண்ணை வெயிலில் காயவைத்திருக்கிறார். வெளிநாட்டில் ஒரு மியூசியத்தில் காவலாளியாக இருக்கும் தங்கை மகன் சேகர் லீவில் வந்திருக்கிறான்.)

மாமா: காக்காயைப் பார்த்துக்கோ மாப்ளே. நவபாஷாணக் கோயிலில் பிண்டம் தின்றுவிட்டு, மைதாப் பசை வாசனைக்கு இங்கே வந்துவிடும். ஆமா, மியூசியத்தில் உனக்கு என்ன வேலை?

சேகர்: படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கணும் மாமா. போன மாதம் ஒரு ராத்திரி சினிமா ஓட்டினார்கள். பக்கத்திலேயே நாலு பேர் ஜாஸ் வாசித்தார்கள்.

மாமா: என்ன படம்?

சேகர்: பூச்சிப் படம். ஸ்டான் பிராக்கேஜ் என்று ஒரு அமெரிக்கர், 1963-ல் கேமராவே இல்லாமல் எடுத்தது. செத்த விட்டிலின் இறகு, புல், பூவிதழ் எல்லாம் பொறுக்கி, பிலிம் அகலத்தில் இரண்டு ஒட்டுநாடாவுக்கு நடுவே வைத்து ஒட்டிவிட்டார்.

மாமா: கதாநாயகி?

சேகர்: அதுவும் பூச்சிதான்.

மாமா: எத்தனை மணி நேரம்?

சேகர்: நாலு நிமிடம் தாண்டாது. அதனால் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வாசிப்பு வேறே. உண்மையில் அந்தப் படத்துக்குச் சத்தமே கிடையாது மாமா. அவர் ஊமைப்படமாகத்தான் விட்டிருக்கிறார்.

மாமா: சத்தம் வேண்டாம் என்றவர் வீட்டில் போய் மேளம் கட்டியிருக்கிறார்கள். சரி, என்னென்ன வாத்தியம்?

சேகர்: சாக்சபோன், பியானோ, ஆள் உயரத்துக்கு ஒரு பிடில், டிரம்ஸ்.

மாமா: சாக்சபோன் தெரியும், கத்ரி கோபால்நாத் வாசித்துக் கேட்டிருக்கிறேன். டிரம்ஸ்காரர் கை எப்படி?

சேகர்: பாதி நேரம் அடிக்கவே இல்லை. கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மாமா: தூசி தட்டவா கூப்பிட்டார்கள்?

சேகர்: திரையைப் பார்த்து அந்த நிமிடம் தோன்றுவதை வாசிப்பதுதான் மாமா விஷயமே. 1957 டிசம்பரில் பாரிஸில் மைல்ஸ் டேவிஸ் ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு இப்படித்தான் டிரம்பெட் வாசித்தாராம். கையில் கொஞ்சம் குறிப்பு, அவ்வளவுதான்.

மாமா: இதுக்குப் பாரிஸ் எதுக்கு? கெட்டிமேளத்தை எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? ஐயர் கையை ஆட்டினால் ஆரம்பிக்கணும், மூன்றாவது முடிச்சு விழும்வரை நிறுத்தக்கூடாது. தொண்டியில் ஒரு கல்யாணம். பையனுக்குக் கை நடுங்கி, கயிறு பெண்ணின் ஜடையில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறான், வரமாட்டேன் என்கிறது. நாயனக்காரருக்குக் கண் பிதுங்குகிறது. எனக்கோ விரல்கூடு ஒன்று கழன்று அட்சதையோடு பறந்துவிட்டது. கடைசியில் பெண்ணே கயிற்றை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

சேகர்: கூட்டம் என்ன சொன்னது?

மாமா: தனி ஆவர்த்தனம் பிரமாதம் என்றார்கள். உங்கள் கூட்டம்?

சேகர்: அசையவே இல்லை. ஒரு பெரியவர் மட்டும் கண்ணை மூடித் தலையாட்டினார்.

மாமா: அவருக்குப் பூச்சி ஆகாது போல.

சேகர்: அடுத்த தடவை உங்களைக் கூப்பிடச் சொல்லட்டுமா?

மாமா: தாராளமாக. முன்பணம் வாங்கிவிடு. சாப்பாட்டையும் கேட்டு வை.

சேகர்: அங்கே வெறும் ரொட்டிதான் மாமா.

மாமா: அது கிடக்கட்டும். மேளக்காரருக்கு எத்தனையாவது பந்தி?