ரெண்டு புள்ளி

(சேலம் செவ்வாய்ப்பேட்டை. கொலுசுப் பட்டறை ஆபீஸ். லினக்ஸ் கம்ப்யூட்டர்.)

அக்கா: டிசைன் ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு சலங்கைக் கொலுசு படத்தை மேல காப்பி பண்ணுனேன். சிபி, ஃபைல் பேரு, டாட் டாட். அப்புறம் சிடி டாட் டாட் போட்டு மேல போய்ப் பார்த்தா படத்தைக் காணோம்.

தம்பி: தப்பா டைப் பண்ணியிருப்பீங்க்கா.

அக்கா: ரெண்டு புள்ளிய எப்படிப்பா தப்பா டைப் பண்றது?

தம்பி: (பார்க்கிறான்) ஓ... டிசைன் நிஜ ஃபோல்டர் இல்லீங்க்கா. சிம்லிங்க், வேற இடத்தைக் கை காட்டுற வெறும் பேரு. நிஜம் இன்னொரு டிஸ்க்குல, 2019ங்கிற ஃபோல்டருக்குள்ள இருக்குது.

அக்கா: யாரு போட்டது?

தம்பி: இடம் பத்தலைன்னு... நான்தாங்க்கா.

அக்கா: எங்கயாச்சும் எழுதி வெச்சியா?

தம்பி: மனசுல வெச்சிருந்தேன்.

அக்கா: எங்க நிக்கிறேன்னு பிடபிள்யூடி போட்டுப் பார்த்தா ஹோம் ஃபோல்டருக்குள்ள டிசைன்னுதானே காட்டுது?

தம்பி: அது ஷெல் சொல்றது, நீங்க டைப் பண்ற கமாண்டை வாங்குற புரோகிராம். நீங்க வந்த வழிய அது ஞாபகம் வெச்சுக்கும். சிடி டாட் டாட்னா கடைசிப் பேரை வெட்டிட்டு ஹோமுக்கே கூட்டிட்டு வந்துடும். சிபிக்கு அந்தக் கதை தெரியாது. அது போய் லினக்ஸோட அடிமட்டத்துல இருக்க கெர்னலைக் கேக்கும். நிஜ ஃபோல்டருக்கு மேல எதுவோ, கெர்னல் அதைத்தான் குடுக்கும். உங்க படம் 2019ல கிடக்குது.

அக்கா: அதாவது, குப்பனூர் வழியா ஏற்காடு ஏறுனவனை எறங்கச் சொன்னா, ஷெல் குப்பனூருக்கே எறங்கும். சிபி மெயின் ரோட்டுல 20 கொண்டை ஊசியும் சுத்தி அடிவாரத்துல போய் நிக்கும்.

தம்பி: அது அப்படித்தாங்க்கா.

அக்கா: மேல என்ன இருக்குன்னு எல்எஸ் டாட் டாட் போட்டா?

தம்பி: அதுவும் 2019தான் காட்டும். அது அப்படித்தாங்க்கா.

அக்கா: எப்ப இருந்து?

தம்பி: சிம்லிங்க் 1983லயே, 4.2 பிஎஸ்டிங்கிற பழைய யூனிக்ஸ்ல வந்துடுச்சு.

அக்கா: அப்ப இருந்து ஒருத்தனும் கேக்கலையா?

தம்பி: கேட்டாங்க. அதான் பிடபிள்யூடிக்கு மைனஸ் பெரிய பி போட்டா நிஜ இடம் தெரியும். சிடிக்கும் போடலாம்.

அக்கா: சொல்லியிருந்தா போட்டிருப்பேன்ல? லிங்க் போட்டது நீ, சொல்லாம விட்டது நீ. உள்ள வந்ததும் 'தப்பா டைப் பண்ணியிருப்பீங்க'. உனக்கு முன்னால வந்தவனும் இதேதான். கருப்பு ஸ்கிரீன் முன்னாடி பொம்பள உக்காந்தா விரல்தான் தப்பு, இல்ல?

தம்பி: ... பழைய படத்தையெல்லாம் அழிச்சு இடம் பண்ணித் தர்றேங்க்கா. இங்க இருந்தே ஆர்எம், டாட் டாட், ஸ்லாஷ், ஸ்டார்...

அக்கா: கைய எடு. எந்த டாட் டாட்?

தம்பி: ஹோம்ல இருக்க... (விரல் என்டர் மேலேயே நிற்கிறது) மொதல்ல எல்எஸ் போட்டுப் பார்த்துடறேங்க்கா.