அது தைலம் வடிக்கும் ஆலை அல்ல

கண்ணாடிக் குடுவைகளும் குழாய்களும் வரிசையாக நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலரும் பகிர்ந்து, வெள்ளைக்காரர் காலத்தில் ஏற்காட்டில் யூகலிப்டஸ் தைலம் வடித்த ஆலை என்கிறார்கள். அப்படி இல்லைங்க. உரத்திலும் மண்ணிலும் தழைச்சத்தை (நைட்ரஜனை) அளக்கும் கெல்டால் கருவி வரிசை அது. 1883-இல் டென்மார்க் வேதியியலாளர் யோகான் கெல்டால் வெளியிட்ட முறை.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பேரிக்காய் வடிவில் நீண்ட கழுத்துக் குடுவைகள், ஒவ்வொன்றும் அரை லிட்டர், மிஞ்சினால் முக்கால் லிட்டர். தைலத்துக்குக் கிலோ கணக்கில் தழை வேண்டும். அந்தக் கழுத்துக்குள் ஒரு பிடி தழைகூடச் சரியாக இறங்காது. எண்ணெயும் தண்ணீரும் பிரியும் கலமும் எங்குமே இல்லை.

முக்கியமாக, ஒவ்வொரு குழாயின் நுனியும் கீழ்க் குடுவையின் திரவத்துக்குள் முங்கியிருக்கிறது. அந்தத் திரவம் அமிலம். தழைச்சத்து அம்மோனியா வாயுவாக மாறி வடிந்து வரும்போது அதைப் பிடித்துக்கொள்ளும். நுனி மேலே நின்றால் வாயு தப்பிவிடும், தழைச்சத்துக் கணக்கு குறைந்து காட்டும். தைலம் வடிக்க யாரும் குழாயை அப்படி முக்குவதில்லை.

உறுதிசெய்ய, சேலத்தில் உங்களுக்குத் தெரிந்த வேதியியல் ஆசிரியரிடமோ மண் பரிசோதனை செய்பவரிடமோ படத்தைக் காட்டுங்கள். எந்த ஊர் ஆய்வகம் என்றறிய, கூகுள் லென்ஸில் தேடி, ஆவணக் காப்பகம் ஏதாவது வெளியிட்ட மூலப் பிரதியின் குறிப்பைப் படியுங்கள். வெட்டிப் பகிர்ந்த பிரதிகளில் அது இருக்காது.